தடுத்தாரா, மறித்தாரா, முறியடித்தாரா: ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

'அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் போய்விட்டான்' என்பது குறையில்லாத தமிழ் வாக்கியம். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'தடுத்தும்' என்ற இடத்தில் 'பிரிவென்ட்' என்ற சொல்லைப் போட்டால் வாக்கியத்தின் முற்பாதியும் பிற்பாதியும் சண்டை போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஒருவனை 'பிரிவென்ட்' செய்தாயிற்று என்றால் அவன் போகவில்லை. போய்விட்டான் என்றால் அம்மா செய்தது 'ட்ரைட் டு ஸ்டாப்'. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. நம்முடைய 'தடு' முயற்சிக்கும் பொருந்தும், வெற்றிக்கும் பொருந்தும். எது என்பதைப் பின்னால் வரும் வினை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தடுப்பைக் குறிக்கும் சொல்லின் தலையிலேயே விழுகிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்தியோ மனுவோ அறிக்கையோ எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. அகராதியைத் திறந்தால் 'தடு' என்பதற்கு நேராக ஒரு டஜன் சொற்கள் வரிசையில் நிற்கும், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பதுபோல. ஆகவே எந்தச் சொல்லையும் எடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது: கடைசியில் அது நடந்ததா, இல்லையா? நடக்கவே இல்லை என்றால் 'பிரிவென்ட்', 'ஃபாயில்', 'த்வார்ட்', 'அவர்ட்' ஆகியவற்றில் ஒன்றைத் தேடலாம். நடந்தது, ஆனால் இழுத்துப் பறித்து நடந்தது என்றால் 'ஹிண்டர்', 'ஹாம்பர்', 'இம்பீட்'. 'அப்ஸ்ட்ரக்ட்' என்பதோ முடிவைப் பற்றி வாய் திறக்காத சொல். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நடையழகைப் பற்றி யோசிப்பது வீண் வேலை.

வித்தியாசம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இலக்கியத்தைத் தேடிப் போக வேண்டாம், தண்டனைச் சட்டமே போதும். மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 339ஆம் பிரிவு, ஒருவருக்குப் போக உரிமையுள்ள திசையில் அவரைப் போகவிடாமல் செய்வதைக் குற்றமாக வரையறுத்தது. அந்த ஒரே வாக்கியத்தில் 'அப்ஸ்ட்ரக்ட்', 'பிரிவென்ட்' இரண்டும் உண்டு. வழியை மறிப்பது 'அப்ஸ்ட்ரக்ட்'. அதனால் அவர் போக முடியாமல் நின்றுவிடுவது 'பிரிவென்ட்'. முதலாவது செயல், இரண்டாவது விளைவு. கூடவே தந்திருக்கும் உதாரணமும் இதே ஒழுங்கில் நடக்கிறது: ஒருவர் பாதையை மறிக்கிறார், அதனால் இன்னொருவர் கடந்து போக முடியாமல் ஆகிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவிலும் இந்த இரட்டைச் சொல் அமைப்பு அப்படியே இருக்கிறது.

பழைய 353ஆம் பிரிவு இன்னும் சுவையானது. அரசு ஊழியரைத் தாக்குவது பற்றிய அந்தப் பிரிவு, அவர் கடமையைச் செய்வதை 'பிரிவென்ட் ஆர் டிட்டர்' செய்யும் நோக்கம் என்கிறது. தமிழ்ச் செய்திகளில் இது எப்போதும் 'பணி செய்யவிடாமல் தடுத்ததாக' என்ற ஒரே அச்சில்தான் வரும். சட்டம் எழுதியவர்கள் வீணாக இரண்டு சொல் போடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் ஆக்குவது 'பிரிவென்ட்'. 'இனி இந்தப் பக்கம் வந்தால் பார்' என்று மிரட்டி, அவரே வேண்டாமென்று ஒதுங்கும்படி செய்வது 'டிட்டர்'. இந்தச் சொல்லின் லத்தீன் வேரே அச்சுறுத்துவது என்ற பொருள்தான். கண்காணிப்பு கேமரா திருடனை 'டிட்டர்' செய்யும். பூட்டு அவனை 'பிரிவென்ட்' செய்யும், நல்ல பூட்டாக இருந்தால்.

இதனால் மனு எழுதுகிறவருக்கு என்ன? பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாசலுக்குக் குறுக்கே காரை நிறுத்துகிறார் என்றால் அது 'பிளாக்' அல்லது 'அப்ஸ்ட்ரக்ட்'. அந்தக் காரினால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் போன நாள் ஒன்று உண்டென்றால், அந்த நாளைப் பற்றி மட்டும் 'பிரிவென்ட்'. எல்லா நாளுக்கும் அதையே எழுதி வைத்தால், அப்படியென்றால் நீங்கள் தினமும் எப்படி அலுவலகம் போனீர்கள் என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார். சாலை மறியலுக்கும் இதே கணக்கு. போக்குவரத்தை மறியல்காரர்கள் 'பிளாக்' செய்கிறார்கள். அமைச்சரின் வருகையையே அவர்கள் 'பிரிவென்ட்' செய்ததாக எழுத, அமைச்சர் வராமல் இருந்திருக்க வேண்டும்.

சரி, 'பிரிவென்ட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். லத்தீனில் இதன் இரு பாதிகளும் 'முன்', 'வா' என்பவை. 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' என்று குறள் சொல்லும் அதே 'வருமுன்'. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இந்தச் சொல்லுக்குத் தடுப்பது என்ற பொருளே இல்லாத இடங்கள் உண்டு. முந்திப் போவது என்றுதான் பொருள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'பிரிவென்ட்' செய்ய மாட்டார்கள் என்று வரும். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தலையைச் சொறிவார். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'முந்திக்கொள்வதில்லை' என்று தெளிவாக இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தை மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

இன்றைக்கு 'பிரிவென்ட்' நிறமில்லாத சொல். யாரையும் குற்றம் சாட்டாது, யாரையும் வீரனாக்காது. நோய், தீ விபத்து, நீர்க்கசிவு, வரி ஏய்ப்பு என்று எதற்கும் பொருந்தும். எதை எழுதுவதென்று தெரியாதபோது இதை எழுதலாம். ஆனால் 'ஃபிரம்' வேண்டும். 'போவதிலிருந்து' என்ற அமைப்பில்தான் அது வரும், 'போவதற்கு' என்ற அமைப்பில் வராது. நம் ஊர் ஆங்கிலக் கடிதங்களில் அதிகம் கண்ணில் படும் பிழை இதுதான். பிரிட்டிஷ்காரர்கள் சில சமயம் 'ஃபிரம்' என்பதை விழுங்கிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து நாமும் விழுங்க வேண்டியதில்லை.

இதோடு 'புரொகிபிட்' என்பதைக் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கம். அதற்குக் காரணம் நம்முடைய 'தடை'. ஊழல் தடுப்புச் சட்டம், இலங்கையின் 1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் என இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது 'பிரிவென்ஷன்' மட்டுமே. தமிழில் ஒன்று தடுப்பு, மற்றொன்று தடை ஆகிவிட்டது. 'புரொகிபிட்' விதி போடுவது. விதி போட்டதால் காரியம் நின்றுவிட்டதாகப் பொருளில்லை. புகை பிடிக்கத் தடை என்ற பலகையின் கீழே நின்று புகைக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி 'முறியடித்தல்'. தமிழ்ப் பத்திரிகையில் 'சதி முறியடிப்பு' என்றால் ஆங்கிலப் பத்திரிகையில் 'ஃபாயில்'. எழுத்து குறைவு என்பதால் தலைப்புகளுக்கு அது செல்லப்பிள்ளை. ஆனால் இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது: நிறுத்தப்பட்ட காரியத்துக்குப் பின்னால் ஒரு மனம் இருக்க வேண்டும், திட்டம் இருக்க வேண்டும். மலேரியாவை யாரும் 'ஃபாயில்' செய்வதில்லை. எடுத்துக்காட்டென்றால் 1605ஆம் ஆண்டு லண்டன் வெடிமருந்துச் சதி. நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குக் கீழே நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்து. அக்டோபர் 26 அன்று மான்டீகிள் பிரபுவுக்கு வந்த பெயரில்லாக் கடிதம் ஒன்று, நாடாளுமன்றம் கூடும் நாளில் சபைக்குப் போகாதீர் என்று எச்சரித்தது. நவம்பர் 4 நள்ளிரவை ஒட்டி நடந்த சோதனையில் சதிகாரர்களில் ஒருவரான கை ஃபாக்ஸ் அகப்பட்டார். ஆள், திட்டம், தேதி, கண்டுபிடித்த நொடி எல்லாம் இருக்கின்றன. 'ஃபாயில்' இதற்கென்றே தைத்த சட்டை. அந்தச் சொல்லின் பழைய பொருள் காலால் மிதிப்பது. வேட்டை மிருகம் தன் தடத்தின் மேலேயே திரும்ப நடந்து நாய்களின் மோப்பத்தைக் கெடுப்பதையும் அது குறித்தது. சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளின் 'ஃபாயில்' இதற்குச் சொந்தமில்லை. அது இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

'த்வார்ட்' இதன் உடன்பிறப்பு போலத் தெரியும், ஆனால் அளவு பெரியது. பழைய நார்ஸ் மொழியில் 'குறுக்கே' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நாம் 'குறுக்கே நின்றான்' என்று சொல்லும் அதே சித்திரம். ஒரு நாள், ஒரு நொடி என்று இல்லாமல், ஒருவரின் ஆசைக்கும் முயற்சிக்கும் நெடுக எதிராக நிற்பதைச் சொல்லும். இன்னொரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறுத்தப்பட்டவருக்கு ஒரு விருப்பம் இருக்க வேண்டும். நிறுத்தியவருக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. ஷாக்கிள்டன் 1914இல் அன்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். 1915 ஜனவரியில் அவருடைய 'எண்ட்யூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கியது, நவம்பரில் மூழ்கியது. பனிக்கட்டிக்கு ஷாக்கிள்டன் மேல் எந்தப் பகையும் இல்லை. ஆனாலும் அவருடைய கனவு பனியால் 'த்வார்ட்' ஆனது என்று எழுதலாம். 'ஃபாயில்' என்று எழுத எனக்குக் கை வராது. பனிக்கு உளவுத்துறை வைத்ததுபோல் ஆகிவிடும்.

'ஃபிரஸ்ட்ரேட்' என்றால் நம்மவர்களுக்கு விரக்திதான் நினைவுக்கு வரும். வேர்ப்பொருள் 'வீணாக்கு'. மனநிலை பின்னால் ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூனில் நடப்பதாக இருந்தது. ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக லண்டனின் பால் மால் தெருவில் ஒருவர் 75 பவுண்டுக்கு அறைகளை வாடகைக்குப் பேசி, 25 பவுண்டு முன்பணமும் கொடுத்தார். மன்னருக்கு உடல்நலம் கெட்டு விழா தள்ளிப்போனது. அறைகள் அங்கேயே இருந்தன, சன்னல்கள் திறந்தன, தெருவும் தெரிந்தது; பார்க்கத்தான் ஒன்றுமில்லை. மீதிப் பணம் தர வேண்டுமா என்ற வழக்கில் 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டாம் என்றது. கிரெல் எதிர் ஹென்றி என்ற அந்த வழக்கைச் சட்டம் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒப்பந்தம் 'ஃபிரஸ்ட்ரேட்' ஆனது என்றால் யாரும் அதை முறிக்கவில்லை, அதன் நோக்கம் காற்றில் போய்விட்டது என்று பொருள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 56ஆம் பிரிவு இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. பொதுவான எழுத்திலும் இந்தச் சாயலுக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: உழைப்பு நடந்தது, பலன் மட்டும் வரவில்லை.

'ஸ்டைமி' எனக்குப் பிடித்த சொல். கோல்ஃப் ஆட்டத்தில், உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவில் எதிராளியின் பந்து கிடந்தால் அதற்குப் பெயர் ஸ்டைமி. இரண்டும் மிக நெருக்கமாக இருந்தால் ஒழிய அதை எடுக்கச் சொல்ல முடியாது; வளைத்தோ தாண்டவிட்டோதான் அடிக்க வேண்டும். 1952இல் புதிய விதிகள் வந்தபோது இது ஒழிந்தது. இப்போது பந்தை எடுத்துவிட்டு அடையாளம் வைத்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் செத்த சொல் பேச்சில் வாழ்கிறது. அதன் பொருத்தம் அந்தச் சித்திரத்திலேயே இருக்கிறது: காரியம் தோற்கவில்லை, நகராமல் நிற்கிறது, நிறுத்தியவர் வேண்டுமென்றே செய்திருக்கவும் தேவையில்லை. கோப்பில் ஒரு கையெழுத்து இல்லாததால் ஆறு மாதமாக நிற்கும் பாலம் 'ஸ்டைமி' ஆன பாலம். நிரந்தரமாகக் கைவிடப்பட்ட திட்டத்துக்கு இது கூடாது.

வேண்டுமென்றே நகரவிடாமல் செய்வது என்றால் நம்மிடம் 'முட்டுக்கட்டை' இருக்கிறது, தேர்ச் சக்கரத்தடியில் போடுவது. ஆங்கிலத்தில் நாடாளுமன்றச் சூழலில் 'அப்ஸ்ட்ரக்ட்', அமெரிக்க செனட்டில், பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தும் 'ஃபிலிபஸ்டர்'. இந்த இடத்திலும் முதல் கேள்வி தப்பாது. 1957 ஆகஸ்டில் செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் இடைவிடாமல் பேசினார். மசோதா நிறைவேறியது. அவர் அதைத் தாமதப்படுத்தினார், அவ்வளவே. 'த்வார்ட்' என்று எழுதினால் வரலாற்றையே மாற்றி எழுதியதாகும்.

காலத்தை வைத்துப் பிரிவது இன்னொரு கூட்டம். இதற்கு வேலைநிறுத்தம் நல்ல உரைகல். தொழிலாளர்கள் கோரிக்கை வைக்கும் முன்பே நிர்வாகம் ஊதிய உயர்வை அறிவித்துவிட்டால் அது 'ஃபோர்ஸ்டால்'. நோட்டீஸ் கொடுத்து, நள்ளிரவுப் பேச்சுவார்த்தையில் உடன்பாடு வந்து, காலையில் பஸ்கள் ஓடினால் அது 'அவர்ட்'. வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டால் இரண்டுக்கும் வேலை இல்லை. அதை முடிக்கலாம், உடைக்கலாம்.

'ஃபோர்ஸ்டால்' என்பதற்கு இருண்ட பூர்வீகம் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில், சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் தானியத்தை வழியிலேயே மடக்கி வாங்கி விலையேற்றுவது ஒரு குற்றம். அதன் பெயர் இது. ஆடம் ஸ்மித் 1776இல், இந்த வியாபாரிகள் மீதான மக்களின் அச்சத்தை சூனியக்காரிகள் மீதான அச்சத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். 1844இல்தான் குற்றம் முழுமையாக நீங்கியது. வழியிலேயே மடக்குவது என்ற அந்த முந்திக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் சொல்லில் இன்றும் ஒட்டியிருக்கிறது. 'இளைதாக முள்மரம் கொல்க' என்ற குறளை ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தால் நான் இதை எடுப்பேன்.

'அவர்ட்' முகத்தைத் திருப்புவதுபோல் வருவதைத் திருப்பிவிடுவது. வந்துகொண்டிருக்கும் ஆபத்து வேண்டும். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கருவி அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியபோது, பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். அங்கே 'அவர்ட்'. 'ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் பெரும் விபத்து தவிர்ப்பு' என்ற நம் பத்திரிகைகளின் நிரந்தரத் தலைப்பும் இதுவே. 'தவிர்' என்பதைப் பார்த்ததும் 'அவாய்ட்' என்று எழுதும் கை பல பேருக்கு; 'அவாய்ட்' தான் விலகிப் போவது. திருட்டை 'அவாய்ட்' செய்யப் பூட்டுங்கள் என்ற அறிவிப்பைப் படித்தால், திருட வேண்டாமே என்று வாசகரையே கெஞ்சுவதுபோல் இருக்கிறது.

'ஹிண்டர்', 'ஹாம்பர்', 'இம்பீட்' மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு பார்க்க வேண்டாம். மழையால் மீட்புப் பணி என்றால் 'ஹாம்பர்' என்று பத்திரிகைகள் முடிவு செய்துவிட்டன. 'இம்பீட்' லத்தீனில் காலைக் கட்டுவது. நம் வீடுகளில் கால்கட்டு என்றால் கல்யாணம் என்பதால் உவமையை நீட்டாமல் விடுகிறேன். ஒன்று நடக்க இடமே இல்லாமல் ஆக்கும் 'பிரிக்ளூட்' என்பதற்கு எழுவாயாக ஒரு சூழ்நிலையோ விதியோ வருவதே இயல்பு. ஆளை வைத்து எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வாசம் அடிக்கும்.

'ஸ்கட்டில்' பற்றி மட்டும் கறாராக இருக்கிறேன். அது தன் கப்பலைத் தானே ஓட்டையிட்டு மூழ்கடிப்பது. 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் காவலில் இருந்த 74 ஜெர்மன் போர்க்கப்பல்களில் 52, தளபதி ஃபோன் ராய்ட்டரின் உத்தரவால் மூழ்கின, நேச நாடுகளின் கைக்குப் போகக் கூடாதென்று. கூட்டணிப் பேச்சை உள்ளேயிருப்பவரே கெடுத்தால் 'ஸ்கட்டில்' அழகாக விழும். வெளியாள் கெடுத்ததற்கும் ஆங்கிலேயர்கள் இப்போது இதை எழுதுகிறார்கள். எழுதட்டும், நான் அங்கே, நாசமாக்குவது என்று பொருள்படும் 'ரெக்' போட்டுக்கொள்வேன்.

இத்தனைக்கும் பிறகு பல இடங்களில் 'ஸ்டாப்' போதும். போலீசார் ஊர்வலத்தைத் தடுத்தனர் என்பதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது.

எல்லாச் சொல்லும் ஒரே கதையில் மோதும் இடம் ஒன்றைச் சொல்கிறேன்: நார்வேயின் வெமோர்க். ஜெர்மானியர்களின் அணு ஆய்வுக்கான கன நீர் அங்கே தயாரானது. 1943 பிப்ரவரி 27 இரவில், பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வேக்காரர்கள் உள்ளே நுழைந்து கருவிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில மாதங்களில் உற்பத்தி மறுபடி தொடங்கியது. ஆகவே உற்பத்தியை அவர்கள் 'ஹாம்பர்' செய்தார்கள் அல்லது தற்காலிகமாக 'ஸ்டாப்' செய்தார்கள், 'த்வார்ட்' அதிகம். நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. மீதியிருந்த கன நீரை ஜெர்மனிக்கு அனுப்ப முடிவாயிற்று. 1944 பிப்ரவரி 20 அன்று அதை ஏற்றிச் சென்ற 'ஹைட்ரோ' என்ற பயணிகள் படகை எதிர்ப்புப் படையினர் ஏரியில் மூழ்கடித்தார்கள், பயணிகளும் இறந்தார்கள். அனுப்பும் திட்டம் 'ஃபாயில்' ஆனது. படகு 'ஸ்கட்டில்' ஆகவில்லை, மூழ்கடித்தவர்கள் அதன் மாலுமிகள் இல்லை. ஹிட்லரின் அணுகுண்டை இவர்கள் 'பிரிவென்ட்' செய்தார்கள் என்று எழுதலாமா? ஜெர்மன் ராணுவம் 1942லேயே அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இழந்து அதைக் கைமாற்றிவிட்டிருந்தது. அந்த வாக்கியத்தைப் பல நூல்கள் எழுதியிருக்கின்றன. என் மேசைக்கு வந்தால் 'பிரிவென்ட்' என்பதை அடித்துவிட்டு, 'ஹெல்ப்ட் டு' என்ற இரண்டு சொற்களை முன்னால் சேர்த்தால்கூட மனம் ஒப்பாமல், 'ஹாம்பர்' என்று மாற்றி அனுப்புவேன்.